இறைத்த பழமும் இலையில் வைத்த பழமும்

ஆனி பிறந்து வளர்பிறை தொடங்கிவிட்டால், மாங்கனித் திருவிழாவுக்காகக் காரைக்காலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பழைய சாக்குகளை விரித்து, அவற்றின்மேல் வைக்கோலைப் பரப்பி, மண்டியிலிருந்து கூடை கூடையாக வந்து இறங்கிய மாம்பழங்களை அம்மா வரிசையாக அடுக்கியிருப்பார். பங்கனபள்ளியின் வரத்து அப்போது குறையத் தொடங்கியிருக்கும். நீலமும் ருமானியும்தான் நிறைந்து கிடக்கும். காம்பிலிருந்து கசிந்து காய்ந்த பாலை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் பழத்தை வைக்கோலில் வைக்க வேண்டும் என்பது அப்பாயியின் கண்டிப்பு. பால் பட்ட இடத்தில் தோல் கறுத்துவிடும்; சாமிக்குப் போகிற பழத்தில் கறை இருக்கக் கூடாது என்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கும் தம்பிக்கும் அதுதான் வேலை. இரவு அந்தக் கூடத்தின் ஓரத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். காலையில் எழுந்தால் தலையணையிலும் தலைமுடியிலும் மாம்பழ வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும்.

துடைத்த பழங்களை அப்பாயி மூன்றாகப் பிரிப்பார். நன்றாக மஞ்சள் பிடித்தும் இன்னும் கெட்டியாக இருப்பவை மாடிக்குப் போகும். அவை கீழே விழுந்தாலும் உடையாது. தொட்டால் விரல் பதிகிற அளவுக்குக் கனிந்தவை வாசல் திண்ணைக்குப் போகும். அவற்றைக் கையில்தான் கொடுக்க வேண்டும். மூன்றாவது பிரிவில் இரண்டே இரண்டு பழங்கள்தான் இருக்கும். அந்த இரண்டைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் எங்களுக்கு அப்போது வியப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் கையில் ஏந்திப் பார்ப்பார், காம்படியில் மோந்து பார்ப்பார், சூரிய வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், பிறகு ஒரு பித்தளைத் தட்டில் வைத்துப் பூசையறைக்குள் கொண்டுபோவார். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் குழந்தையில்லாமல் இருந்து, ஒரு திருவிழாவில் முந்தானையில் விழுந்த பழத்தைத் தாத்தாவோடு பகிர்ந்து உண்டு, அதன்பிறகு என் அப்பாவைப் பெற்றவர் அவர். அந்த வேண்டுதலுக்காகத்தான் எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஆண்டுதோறும் பழம் இறைக்கப்பட்டது.

வெளியூர் நண்பர்கள் என்னிடம், மாம்பழம் எறிகிற திருவிழா உங்கள் ஊரில்தானே என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு எறிதல் என்று யாரும் சொல்வதில்லை. மாங்கனி இறைத்தல் என்றுதான் சொல்வோம், அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சிடுவார்கள். எறிதல் என்றால் ஒரு குறியை நோக்கி வேகமாக வீசுவது. முற்றத்தில் கோழிக்குத் தானியம் இறைப்பதும், மணமக்கள்மேல் பூ இறைப்பதும் அப்படியல்ல. கைவிட்டுப் போனதை யார் எடுத்துக்கொண்டாலும் சரி என்று விட்டுவிடுவதுதான் இறைத்தல். இந்தத் திருவிழாவைப் பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் இருக்கிறது. ஏனென்றால் இது மாம்பழத்துக்காக எடுக்கப்படும் விழா அல்ல. பசியோடு வாசலில் வந்து நின்ற ஒருவருக்கு, வீட்டில் இருந்ததை எடுத்து இலையில் வைத்த ஒரு பெண்ணுக்காக எடுக்கப்படும் விழா.

அந்தப் பெண் புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார். காரைக்காலில் வாழ்ந்த தனதத்தன் என்ற பெருவணிகரின் ஒரே மகள். நாகப்பட்டினத்து வணிகரான நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவரைத் திருமணம் செய்துவைத்த தனதத்தன், ஒரே மகளைப் பிரிய மனமில்லாமல் மருமகனைக் காரைக்காலிலேயே தனி வீடு வைத்துத் தொழில் நடத்தச் செய்தார். ஒருநாள் பரமதத்தனைக் காண வந்தவர்கள் இரண்டு மாங்கனிகளைக் கொடுக்க, அவற்றை அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவர் சாப்பிட வருவதற்கு முன்பே சிவனடியார் ஒருவர் பசியோடு வந்துவிட்டார். சோறு வடித்தாகிவிட்டது, கறிதான் இன்னும் ஆகவில்லை என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதுகிறார். அடுப்படியில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த தருணம் அது. வந்தவரைக் காத்திருக்கச் சொல்ல மனமில்லாமல், புனிதவதி வெறும் சோற்றோடு கணவன் அனுப்பிய இரண்டு பழங்களில் ஒன்றை வைத்து அவரது பசியைத் தீர்த்தார். ஊரில் கதை சொல்லும்போது அது தயிர்ச்சோறு என்று சேர்த்துச் சொல்வோம். வெயில் காலத்தில் மாம்பழத்தைத் தயிர்ச்சோற்றோடு பிசைந்து உண்ணும் ஊர்க்காரர்களுக்கு அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது அல்லவா.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். நண்பகலில் சாப்பிட அமர்ந்த கணவன் மிஞ்சிய பழத்தை உண்டு, அதன் சுவையில் மகிழ்ந்து, இன்னொன்றையும் கேட்டான். புனிதவதி உள்ளே சென்று இறைவனை வேண்டி நிற்க, கையில் ஒரு கனி வந்தது. அதை உண்டவன், முன்பு தின்றதன் சுவை இதுவல்லவே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டான். அவர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்றான். வந்த கனி அவன் கைக்குள் போனதும் மறைந்துபோனது. தன் மனைவியைத் தெய்வமென்று அஞ்சிய அவன், வாணிபத்துக்கென்று கப்பலேறிப் போய், திரும்பி வரும்போது பாண்டிநாட்டில் ஒரு பட்டினத்தில் இறங்கி, அங்கேயே வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர்கள் புனிதவதியை அவன் இருக்குமிடத்துக்கு அழைத்துச் சென்றபோது, மனைவி மகளோடு வந்து அவர் காலில் விழுந்தான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று, அவர் அந்த இடத்திலேயே உடலின் தசையை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றார்.

இந்தக் கதையில் கடல் எவ்வளவு இயல்பாக வந்துபோகிறது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் கவனித்தேன். தந்தையும் கணவனும் வணிகர்கள்; மணவுறவு முறிவது ஒரு கப்பலில். அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நின்று, மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் வெளியே போவதைப் பார்க்கும்போதெல்லாம், பரமதத்தன் எந்தப் பக்கம் திரும்பிப் போயிருப்பான் என்று எண்ணிக்கொள்வேன். கம்போடியாவில் 10-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பந்தியாய் ஸ்ரெய் கோயிலில், ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் பெண்ணுருவத்தைக் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்ணும் கடல் தாண்டிப் போயிருக்கிறார்.

அவர் பாடிய அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களிலும், திருவிரட்டை மணிமாலையிலும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் மாம்பழத்தைப் பற்றிய கதை இல்லை. அவர் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். கனியின் கதையை 12-ஆம் நூற்றாண்டில் விரிவாக எழுதி வைத்தவர் சேக்கிழார். அந்தக் கதையிலும் ஊர் ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டது. பெரியபுராணத்தில் உணவு கேட்டு வருபவர் ஓர் அடியார் மட்டுமே. எங்கள் திருவிழாவில் வருபவர் பிச்சாண்டவர், அதாவது பிச்சையெடுக்கும் கோலத்தில் வரும் சிவபெருமானே. வாசலுக்குப் பசியோடு வந்தவர் யாராக இருந்தாலும் அவர் சாமிதான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. சேக்கிழாருக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

விழா ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும். பாரதியார் வீதியில் கைலாசநாதர் கோயிலும் அதையொட்டி அம்மையார் கோயிலும் இருக்கின்றன. முதல்நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு: ஆற்றங்கரை சித்திவிநாயகர் கோயிலிலிருந்து பரமதத்தரை மேளதாளத்தோடு அழைத்து வருவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று எங்கள் தெருப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்பதைப் பார்த்தால், உண்மையாகவே ஒரு வீட்டுக் கல்யாணம் என்றுதான் தோன்றும். மறுநாள் காலை திருக்கல்யாணம். வந்தவர்கள் மொய் வைக்காத குறையாக உட்கார்ந்து பார்த்து, தாலிக்கயிறும் மஞ்சளும் குங்குமமும் பிரசாதமாகப் பெற்றுக்கொண்டு போவார்கள். முடிவு என்ன என்று தெரிந்தும் ஆண்டுதோறும் இந்தத் திருமணத்தை இவ்வளவு ஆசையோடு நடத்துகிறார்களே என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். முடிவு தெரியும் என்பதற்காகப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யாமல் இருக்க முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மூன்றாம் நாள்தான் ஊர் தன்னை மறக்கும் நாள். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டுவிடுவார்கள். காலையிலேயே பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் புறப்படுவார். வீட்டுக்கு வீடு நிறுத்திப் பட்டும் மாங்கனியும் வைத்து அர்ச்சனை செய்வார்கள் என்பதால் சப்பரம் மெதுவாகத்தான் நகரும். சில தெருக்களைச் சுற்றிவர மாலையாகிவிடும். சப்பரம் ஒரு வீட்டைக் கடந்து நான்கடி நகர்ந்ததும், அந்த வீட்டு மாடியிலிருந்தும் பால்கனியிலிருந்தும் பழங்கள் கீழே வரத் தொடங்கும். கீழே கடல்போலக் கூட்டம். அத்தனை கைகளும் மேலே உயர்ந்திருக்கும். சிலர் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்திருப்பார்கள். சிலர் வேட்டியின் இரு முனையைப் பிடித்து நிற்பார்கள். புதுமணப்பெண்கள் முந்தானையை ஏந்தியிருப்பார்கள். பழம் முந்தானையில் விழுந்துவிட்டால் அதை உடனே மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கூட்டத்தை விட்டு வெளியேறுவார்கள். அந்த நடையைப் பார்த்தாலே அவர்கள் எதற்காக வந்தவர்கள் என்று தெரிந்துவிடும்.

மாடியில் நின்று இறைப்பதற்கு எங்களுக்கு அப்பாயி பயிற்சியே கொடுத்திருந்தார். பழத்தைக் கையின்மேல் வைத்துக்கொண்டு, கையைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டி, மேல்நோக்கி மெல்லத் தூக்கிவிட வேண்டும். அது சிறிது எழும்பி, பிறகு தானாக விழ வேண்டும். பந்துபோல வீசக் கூடாது. ஒருவரைக் குறிபார்த்தும் போடக் கூடாது, அது அவருடைய பழமாக இருந்தால் தானே போய்ச் சேரும். என் தம்பி ஏழு வயதில் ஒருமுறை உற்சாகம் தாங்காமல் முழுவேகத்தில் வீசிவிட்டான். பழம் கீழே நின்ற பெரியவர் ஒருவரின் நெற்றியில் பட்டு, மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. அப்பாயி அவனை அடிக்கவில்லை. கையைப் பிடித்துக் கீழே அழைத்துப்போய், அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, நீர்மோர் கொடுத்து, தம்பியை அவர் காலில் விழச் சொன்னார். பெரியவர் சிரித்துக்கொண்டே, சாமி கொடுத்தது நெற்றியிலேயே வந்துவிட்டது என்று சொல்லிப் பழத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லாப் பழமும் அப்படிக் கைகளில் போய்ச் சேர்வதில்லை. தரையில் விழுந்து, மிதிபட்டு, கொட்டை பிதுங்கித் தார்ச்சாலையோடு ஒட்டிப்போகிற பழங்கள் எத்தனையோ. வெறுங்காலில் நடப்பவர்கள் வழுக்கி விழுவதும், குனிந்து பொறுக்கும்போது பின்னாலிருந்து கூட்டம் தள்ளுவதும் ஆண்டுதோறும் நடக்கத்தான் செய்கிறது. நான் கல்லூரியில் படித்த ஆண்டுகளில் சில மாடிகளிலிருந்து பழங்களைச் சுழற்றி வீசுகிற பழக்கம் பெருகியது. கைப்பேசியில் படமெடுக்க அது எடுப்பாக இருக்கிறது என்பது ஒரு காரணம். கல் வைத்துப் பழுக்கவைத்த பழங்களை மலிவாக வாங்கி மூட்டை மூட்டையாகக் கொட்டுவதும் உண்டு. இதைக் காணும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அன்று புனிதவதி வைத்தது ஒரே ஒரு பழம். எண்ணிக்கையால் இந்த வேண்டுதல் பெரிதாகிவிடுவதில்லை. பத்துப் பழமானாலும் நன்றாக வைக்கோலில் பழுத்த பழமாக, உண்பவருக்கு வயிற்றுவலி வராத பழமாக இருக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

இதனால்தான் அப்பாயி திண்ணைக்கென்று பழங்களைத் தனியாகப் பிரித்து வைத்தார் என்று இப்போது புரிகிறது. கூட்டத்துக்குள் நுழைய முடியாதவர்கள் திண்ணைக்கு வருவார்கள்: வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கால் ஊனமுற்றவர்கள். ஓர் ஆண்டு ஒரு பெண் வந்து வாசல்படியோரம் நின்றார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். விழுப்புரம் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்ததாகவும், காலையிலிருந்து மூன்று தெருவில் நின்றும் ஒரு பழம்கூடக் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். வியர்வையில் புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. நான் கூடையிலிருந்து பெரிய பழமாக ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இறைத்த பழம்தான் பலிக்கும் என்று சொன்னார்கள், கையில் கொடுப்பது ஆகுமா என்று தயங்கினார். அப்பாயி திண்ணையிலிருந்து இறங்கி வந்து, அவர் தலையைத் தொட்டு, அம்மையார் இறைக்கவில்லை அம்மா, கையால் எடுத்துத்தான் இலையில் வைத்தார் என்று சொன்னார். பிறகு அவரை உள்ளே அழைத்துப்போய், வாழையிலை போட்டு, தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்து, அதன் பக்கத்தில் தாமே ஒரு பழத்தை வைத்தார். அந்தப் பெண் சோற்றைத் தொடாமல் வெகுநேரம் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. மறுபடி அவர் வரவில்லை. வராவிட்டால் என்ன, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அப்பாயி ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அவரைப் பற்றி ஒருமுறையாவது பேசுவார்.

அன்று ஊரில் பசியோடு யாரும் திரும்பிப் போக முடியாது. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் தொன்னையில் வந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளியிருக்கும் இஸ்லாமியக் குடும்பத்தினர் வாசலில் அண்டா வைத்து நன்னாரி சர்பத் கலக்கிக் கொடுப்பார்கள். மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரிக்கு எங்கள் வீட்டிலிருந்து போவதும், தேற்றரவு மாதா கோயில் தேருக்கு எல்லாத் தெருக்காரர்களும் வந்து நிற்பதும் எங்கள் ஊரில் தனியாகச் சொல்லத் தேவையில்லாத நடைமுறை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும். தடை முடிந்து கடலுக்குப் போகத் தொடங்கும் நேரத்தில்தான் ஆனிப் பௌர்ணமி வருகிறது. கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் காரைக்கால்மேட்டிலிருந்தும் மீனவக் குடும்பங்கள் குழந்தைகளோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். இரண்டு மாதம் வருமானமில்லாமல் இருந்தவர்கள், முதல்முறை கடலுக்குப் போய்ப் பிடித்த மீனில் கிடைத்த பணத்தில் ஒரு கூடைப் பழம் வாங்கி வந்து இறைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வளையல் கடை, பொரிகடலைக் கடை, ராட்டினம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவை எல்லா ஊர்த் திருவிழாவிலும் உண்டு.

பழம் இறைப்பதைப் பார்க்கவே பலரும் வருகிறார்கள், பார்த்ததும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தி, மாலைவரை இருங்கள் என்று சொல்லத் தோன்றும். ஏனென்றால் திருவிழாவின் உயிர் மாலையில் நடக்கும் அமுதுபடையலில் இருக்கிறது. வெயில் தாழ்ந்து, கடற்காற்று தெருவுக்குள் நுழையத் தொடங்கும் நேரத்தில் பிச்சாண்டவர் அம்மையார் கோயிலுக்கு வந்து சேர்வார். அம்மையார் எழுந்தருளி வந்து அவரை எதிர்கொண்டு அழைப்பார். பகலெல்லாம் இரைச்சலாக இருந்த கூட்டம் அப்போது தானாக அமைதியாகிவிடும். பிச்சாண்டவருக்கு முன்னால் படையல் இடுவார்கள்: சோறு, தயிர்ச்சோறு, பலகாரங்கள், அவற்றோடு மாங்கனி. ஒரு பசித்தவர் வந்தார், ஒரு பெண் சோறு போட்டார் என்ற அந்தச் சிறிய நிகழ்ச்சி, ஊர் முழுவதும் சுற்றிநின்று பார்க்க மறுபடியும் நடக்கும். எங்கள் பித்தளைத் தட்டிலிருந்த இரண்டு பழங்களும் அந்தப் படையலுக்குத்தான் போகும். அவற்றை அப்பாயி அர்ச்சகரிடம் நீட்டும்போது அவர் கை நடுங்கும். அது வயதால் வந்த நடுக்கம் அல்ல, நான் சிறுவனாக இருந்தபோதே அப்படித்தான் நடுங்கியது.

கொரோனாக் காலத்தில் கோயிலுக்குள்ளேயே, பக்தர்கள் இல்லாமல் விழாவை நடத்தினார்கள். தெருவில் ஆளில்லை, சப்பரம் வரவில்லை, மாடியில் ஏறி நிற்கவும் காரணம் இல்லை. அப்போதும் அப்பாயி பழம் வாங்கச் சொன்னார். இறைப்பதற்கு யாரும் இல்லையே என்று அப்பா சொன்னதற்கு, வைப்பதற்கு இலை இருக்கிறதே என்றார். அன்று நண்பகலில் எங்கள் தெருவைக் கூட்டும் துப்புரவுப் பணியாளர்கள் மூவரை, திண்ணையில் இடைவெளி விட்டு உட்காரவைத்து, தயிர்ச்சோறும் மாம்பழமும் பரிமாறினோம். முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் உண்டதை அப்பாயி நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஆண்டுகளில் தெருவில் கூட்டம் திரும்பி வந்தபோது அவர் இல்லை.

படையலுக்குப் பின் இரவு வேறொரு திருவிழாவாக மாறிவிடும். பரமதத்தர் ஊரைவிட்டுப் போவதும், பாண்டிநாட்டில் அவருக்கு மறுமணம் நடப்பதும், அம்மையார் பல்லக்கில் அவரைத் தேடிப் போவதும் நள்ளிரவு தாண்டி நடைபெறும். அதிகாலையில் தெருவிளக்குகளை அணைத்துவிட்டு, தீப்பந்த வெளிச்சத்தில் பேயுருவில் அம்மையார் வரும்போது, இரண்டு நாளுக்கு முன் பட்டும் பூவுமாக மணப்பெண்ணாகப் பார்த்தவரை அப்படிக் காணத் துணிவு வேண்டும். குழந்தைகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் நின்றிருக்கும் பெண்கள் அழுவார்கள். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றாது. பிறகு தீபாராதனை காட்ட, சுவாமி அம்மையாருக்குக் காட்சி கொடுப்பார். கயிலையில் தலையால் நடந்து வந்தவரைச் சிவபெருமான் அம்மையே என்று அழைத்தார் என்பது புராணம். தம்மைப் பேய் என்று சொல்லிக்கொண்டவரை ஊர் அம்மையார் என்று சொல்வது அந்த ஒரு விளியால்தான். அறுபத்து மூவரில் பெண்கள் மூவர்; கோயில் பிராகாரங்களில் வரிசையாக மற்றவர்கள் நிற்க, இவர் ஒருவர்தான் அமர்ந்திருப்பார்.

சென்ற ஆண்டும் அந்த அதிகாலை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தோம். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. தெருவெங்கும் கொட்டையும் தோலும் கிடக்க, நகராட்சிப் பணியாளர்கள் அவற்றைக் குவியல் குவியலாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஈக்களுக்கு முன்பே மாடுகள் வந்துவிட்டிருந்தன. தம்பியின் மகள் தன் பாவாடையில் விழுந்த ஒரே ஒரு பழத்தை இரவெல்லாம் கையிலேயே வைத்திருந்து, அது சூடேறிக் குழைந்துபோயிருந்தது. அம்மா முந்தைய நாள் ஊற்றிவைத்த பழைய சோற்றைப் பிழிந்து, தயிர் விட்டு, உப்புப் போட்டு, ஆளுக்கொரு கிண்ணத்தில் கொடுத்தார். அந்தப் பழத்தை வெட்டலாம் என்று நான் கத்தியை எடுத்தபோது, தம்பி மகள் அதைக் கொண்டுபோய், பந்தலுக்கு வெளியே மாடுகளை ஓட்டியபடி கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் நீட்டினாள். அவர் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.